ஆழ்கடல் களிமண் தரவுக்கு எந்த மாடல்? மாடலுக்கு முன்னால் என்ன செய்யணும்?

செந்தாழை

எல்லோருக்கும் வணக்கம். புவிவேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்குப் பசிபிக் பெருங்கடலின் ஆழ்கடல் களிமண்ணை எடுத்திருக்கிறேன். டி.எஸ்.டி.பி. என்ற பழைய ஆழ்கடல் துளையிடும் திட்டக் காலத்துத் துளைகள், 2010இல் தென்பசிபிக் சுழலுக்குப் போன, அதன் வழிவந்த ஐ.ஓ.டி.பி. திட்டத்தின் 329ஆம் பயணம், அப்புறம் வெளியான கட்டுரைகளின் அட்டவணைகள் என்று பல இடங்களிலிருந்து தரவைச் சேர்த்து ஒரே அட்டவணையாக்கியிருக்கிறேன். ஒரு வரிசைக்கு ஒரு மாதிரி. அலுமினியம், டைட்டானியம், இரும்பு, மங்கனீசு, பாஸ்பரஸ், கோபால்ட், தோரியம் தொடங்கி லாந்தனம், இட்ரியம் போன்ற அருமண் தனிமங்கள் வரை நிரல்கள்.

மற்ற தனிமங்களை வைத்து அருமண் தனிமங்களின் மொத்த அளவைக் கணிக்க முடியுமா? அது ஓரிடத்தில் கூடுவதும் இன்னோரிடத்தில் குறைவதும் ஏன் என்று மாடலிடமிருந்து தெரிந்துகொள்ள முடியுமா? இதுதான் என் கேள்வி. பல முடிவெடுப்பு மரங்களின் சராசரியை எடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட்டில் ஆரம்பி என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார். ஓட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்கணும் என்று இதில் வேலை செய்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

எண்கணக்கன்

டேபிள் வடிவத் தரவுதானே, எக்ஸ்ஜிபூஸ்ட் போடுங்கள், அதுவும் மரம் சார்ந்த மாடல்தான். விடுபட்ட மதிப்புகளை அதுவே பார்த்துக்கொள்ளும். வரிசைகளைக் கலைத்து, எண்பது சதவீதம் பயிற்சிக்கு, இருபது சோதனைக்கு என்று பிரித்து, ஷாப் மதிப்புகளை (ஒவ்வொரு நிரலும் கணிப்பை எவ்வளவு மாற்றியது என்ற கணக்கு) வரைந்தால் எந்தத் தனிமம் முக்கியம் என்று தெரிந்துவிடும். எனக்குக் கடல் பற்றித் தெரியாது, மாடல் பக்கம் என்ன சந்தேகம் என்றாலும் கேளுங்கள்.

பரவை

செந்தாழை, நல்ல தலைப்பு. எண்கணக்கன் சொன்ன கருவியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கலைத்துப் பிரிப்பது மட்டும் வேண்டாம். அதற்கு முன்னால், இந்தக் களிமண்ணில் அருமண் தனிமங்கள் எப்படிச் சேர்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றது தானே விளங்கும்.

பசிபிக்கில் நாலரை கிலோமீட்டருக்குக் கீழே போனால் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிடும். மேலே ஊட்டச்சத்து குறைந்த நீர் என்றால் சிலிக்கா ஓடுகளும் அதிகம் வந்து சேராது. மிஞ்சுவது காற்றில் வந்த தூசி, எரிமலைச் சாம்பல், நீரிலிருந்து படியும் இரும்பு-மங்கனீசு ஆக்சைடுகள், மீன்களின் பல்லும் எலும்பும். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர், சில இடங்களில் அதற்கும் குறைவு. 1872 முதல் 1876 வரை சுற்றிய சேலஞ்சர் கப்பல் இந்தச் செம்பழுப்புக் களிமண்ணிலிருந்து சுறாப் பற்களையும் திமிங்கலக் காதெலும்புகளையும் அள்ளியது. அவ்வளவு மெதுவாகப் படிவதால்தான் அவை புதைந்து மறையாமல் கிடந்தன.

கடல்நீரில் அருமண் தனிமங்கள் மிகச் சொற்பம். இரும்பு-மங்கனீசு ஆக்சைடு துகள்கள் அவற்றைப் பிடித்துக் கீழே கொண்டுவரும், படிவுக்குள் மறுபடி விடுவிக்கும். அங்கே மீன் எலும்பின் கால்சியம் பாஸ்பேட், அதாவது அப்படைட், அவற்றை வாங்கிக்கொள்ளும். உயிரோடு இருக்கும் மீனின் எலும்பில் அருமண் கிட்டத்தட்ட இல்லை. அதே எலும்பு அடித்தரையில் வெகுகாலம் கிடந்தால் பல ஆயிரம் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏறிவிடும். ஆக எவ்வளவு அப்படைட் என்பது ஒரு கேள்வி, அது எவ்வளவு காலம் கடல்நீரோடு தொடர்பில் இருந்தது என்பது இன்னொரு கேள்வி.

இப்போது உங்கள் மாடலுக்கு வருகிறேன். எதைப் போட்டாலும் பாஸ்பரஸ்தான் முதலிடம் என்று ஷாப் சொல்லும். அதற்கு மாடல் தேவையே இல்லை, நமக்கு ஏற்கெனவே தெரியும். பாஸ்பரஸ் ஒரே அளவில் இருக்கும் இரண்டு மாதிரிகளில் அருமண் ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள். கணிக்க வேண்டிய இலக்கை அருமண்ணுக்கும் பாஸ்பரஸுக்குமான விகிதமாக வையுங்கள். அப்போதுதான் படிவு வேகமும் கிடந்த காலமும் கணக்குக்குள் வரும்.

இன்னொன்று. லாந்தனமோ இட்ரியமோ உள்ளீட்டு நிரல்களில் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். விடையின் ஒரு பகுதியையே கேள்வியோடு கொடுத்தது போலாகும்.

எண்கணக்கன்

விகித இலக்கு நல்ல யோசனை மேடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலைத்துப் பிரிப்பதில் என்ன தவறு? எல்லாத் துறையிலும் அப்படித்தானே செய்கிறோம்?

கப்பல்வாசி

அதற்கு நான் பதில் சொல்கிறேன், ஆய்வுக் கப்பலில் கோர் (கடலடியில் குழாய் இறக்கி எடுக்கும் மண் தூண்) வெட்டிய ஆள் என்பதால்.

பிஸ்டன் கோர் மேலே வந்ததும் குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் திறப்போம். சுண்ணாம்புச் சேறு என்றால் வெள்ளை, சாம்பல் என்று பட்டைகள் தெரியும். ஆழ்கடல் களிமண்ணில் அது இருக்காது. பல மீட்டருக்கு ஒரே சாக்லேட் பழுப்பு. விரலால் தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கும், மணல் நெருடலே இருக்காது. அங்கங்கே கறுப்புப் புள்ளியாக மங்கனீசு நுண்முடிச்சு. 63 மைக்ரான் சல்லடையில் கழுவினால் மொத்தச் சேறும் போய்விடும், அடியில் ஒரு சிட்டிகை நிற்கும். அதை நுண்ணோக்கியில் வைத்தால் தேன் நிறத்தில் பளபளவென்று ஊசிமுனை மாதிரி மீன் பற்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். மாதிரி எடுக்கும்போது இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டுவோம். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் அந்த ஒரு துண்டிலேயே 20,000 ஆண்டு இருக்கிறது. அதோடு, படிந்த சேற்றை மேல் பத்து சென்டிமீட்டருக்குப் புழுக்களும் மற்ற உயிரிகளும் கிளறிக்கொண்டே இருக்கும். அதாவது ஒரு லட்சம் ஆண்டுச் சேறு ஒன்றாகக் கலந்துதான் புதைகிறது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

நீங்கள் கலைத்துப் பிரித்தால் ஒரு துண்டு பயிற்சிக்கும் அதன் பக்கத்துத் துண்டு சோதனைக்கும் போகும். முந்தின நாள் கையில் கொடுத்த கேள்வித்தாளையே பரீட்சையில் வைத்த கதைதான். மதிப்பெண் வரும், பாடம் தெரிந்ததா என்று தெரியாது.

பரவை

கப்பல்வாசி அண்ணன் சொன்னதுதான். கோர் வாரியாகப் பிரியுங்கள். ஒரு கோரை முழுசாக வெளியே வைத்து, மற்றவற்றில் பயிற்றி, வெளியே வைத்ததில் சோதியுங்கள். இப்படி ஒவ்வொரு கோருக்கும். அட்டவணையில் ஆயிரக்கணக்கில் வரிசைகள் இருந்தாலும் சுயேச்சையான சாட்சிகள் கோர்களின் எண்ணிக்கை அளவுக்குத்தான். ஜப்பானிய ஆய்வாளர் காட்டோவின் குழு 2011இல் பசிபிக் முழுக்க அருமண் சேறு பற்றி எழுதியபோது 2,000க்கு மேற்பட்ட மாதிரிகள் இருந்தன, ஆனால் அவை 78 இடங்களிலிருந்து வந்தவை. எண்பதுக்கும் குறைவான புள்ளிகளை வைத்து உலகின் மிகப் பெரிய பெருங்கடலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மாடல் கட்டுபவர் மறக்கக் கூடாது.

இந்த ஒரு விஷயத்தில் நான் கறார். வெளியாகும் ஆய்வுகளைப் படிக்கும்போதும் ஆர்-ஸ்கொயர் என்ற மாடல் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் எப்படிப் பிரித்தார்கள் என்றுதான் பார்ப்பேன்.

எண்கணக்கன்

புரிந்தது. குழு வாரியாகப் பிரித்துச் சோதிக்கும் குரூப் கே-ஃபோல்ட் போட்டால் போதும், குறியீட்டில் ஒரு வரி மாற்றம்தான். கோர்களே பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்?

பரவை

அப்போது கோருக்குப் பதிலாக வட்டாரமாகக் குழு பிரியுங்கள். கிழக்குப் பசிபிக் முகட்டை ஒட்டியது ஒரு குழு, அங்கே வெந்நீர் ஊற்றுகளின் இரும்பு கலந்திருக்கும். வடபசிபிக் நடுப்பகுதி இன்னொன்று, அங்கே ஆசியத் தூசி ஓங்கியிருக்கும். ஒரு வட்டாரத்தில் படித்த மாடல் இன்னொன்றில் தடுமாறினால் அதுவே ஒரு முடிவு. எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

செந்தாழை

மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணா. இலக்கை மாற்றிவிட்டேன், லாந்தனம், இட்ரியம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அடுத்த கேள்வி: சில மாதிரிகளில் கால்சியம் கார்பனேட் நிறைய இருக்கிறது. அவற்றை நீக்கவா, வைக்கவா? வைத்தால் எல்லாத் தனிமங்களும் ஒன்றோடொன்று பலமாக ஒத்துப்போவது போலத் தெரிகிறது.

பரவை

அந்த ஒத்துப்போதல்தான் பொறி. சதவீதங்கள் எல்லாம் கூட்டினால் நூறு. ஒரு மாதிரியில் கார்பனேட் இல்லை, அடுத்ததில் பாதிக்குப் பாதி என்றால் அலுமினியம், இரும்பு, தோரியம் எல்லாம் சேர்ந்தே பாதியாகும். அவற்றுக்குள் எந்த உறவும் இருக்கத் தேவையில்லை. பொதுவான பகுதியைக் கொண்ட விகிதங்கள் இப்படிப் போலி உறவு காட்டும் என்று கார்ல் பியர்சன் 1897லேயே எச்சரித்தார். 1980களில் ஜான் ஐட்சிசன் மடக்கை-விகித முறையைக் கொடுத்தார். ஒவ்வொரு தனிமத்தையும் இன்னொன்றாலோ எல்லாவற்றின் பெருக்கல் சராசரியாலோ வகுத்து மடக்கை எடுத்தால் இந்த நீர்த்தல் விளைவு விலகிவிடும்.

முடிவெடுப்பு மரங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். ஒரு நிரலை மட்டும் மடக்கை எடுப்பது மரத்துக்குப் பொருட்டில்லைதான், வரிசை மாறாது. ஆனால் விகிதம் எடுப்பது வேறு. இரும்பை அலுமினியத்தால் வகுத்துக் கொடுத்தால் மரம் ஒரே வெட்டில் பிரிக்கும் விஷயத்தை, தனித்தனியாகக் கொடுத்தால் பல வெட்டுகளில் படிக்கட்டு மாதிரி தோராயப்படுத்தும். தரவு குறைவாக இருக்கும்போது அந்த வசதியைச் செய்து கொடுப்பதே நியாயம்.

பூச்சிய மதிப்புகளை மறக்காதீர்கள். அளவீட்டு எல்லைக்குக் கீழே என்று போட்டிருப்பதைப் பூச்சியமாக வைத்தால் மடக்கை எடுக்க முடியாது, அழித்துவிட்டாலும் தரவு ஒரு பக்கமாகச் சாயும்.

அமிலக்குடுவை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், ஆய்வகத்திலிருந்து இரண்டு சொல்லணும்.

ஆழ்கடல் களிமண்ணில் பெரும்பகுதி இடைவெளி நீர்தான். காய வைக்கும்போது நீர் போய் உப்பு தங்கிவிடும். கழுவாமல் அரைத்திருந்தால் சோடியம், குளோரின் ஏறியிருக்கும், மற்ற எல்லாம் அந்த அளவுக்கு இறங்கியிருக்கும். சிலர் கழுவுவார்கள், சிலர் கணக்கில் திருத்துவார்கள், சிலர் இரண்டும் செய்ய மாட்டார்கள். உங்கள் அட்டவணையில் எது எது என்று ஒரு நிரல் போட்டு வையுங்கள்.

இரண்டாவது, யூரோப்பியம். நாங்கள் டெஃப்லான் குப்பியில் ஹைட்ரோஃப்ளூரிக், நைட்ரிக், பெர்குளோரிக் அமிலங்கள் விட்டுக் கரைத்து, அயனிகளை நிறை வாரியாகப் பிரித்து அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவிக்குக் கொடுப்போம். களிமண்ணில் பேரியம் தாராளமாக இருக்கும். பிளாஸ்மாவுக்குள் பேரியமும் ஆக்சிஜனும் சேர்ந்து பேரியம் ஆக்சைடு அயனி உருவாகும். பேரியம் 135ஓடு ஆக்சிஜன் 16 சேர்ந்தால் 151, பேரியம் 137ஓடு சேர்ந்தால் 153. யூரோப்பியத்தின் இரண்டு ஐசோடோப்புகளும் சரியாக அதே நிறையில்தான் இருக்கின்றன. திருத்தம் சரியாகச் செய்யாவிட்டால் பேரியம் கூடிய மாதிரியிலெல்லாம் யூரோப்பியமும் கூடியதாக எண் வரும். வெந்நீர்ச் செல்வாக்கு என்று மாடல் அதைப் படித்துக்கொள்ளும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

1970களின், 80களின் தரவு பெரும்பாலும் நியூட்ரான் கிளர்வு முறையில் எடுத்தது. அதில் பதினான்கு லாந்தனைடுகளும் கிடைக்காது, லாந்தனம், சீரியம், சமாரியம், யூரோப்பியம், இட்டெர்பியம் என்று சிலதுதான். எந்த நிரல் காலியாக இருக்கிறது என்பதை வைத்தே அது எந்தக் காலத்து ஆய்வகம் என்று மாடல் கண்டுபிடித்துவிடும். விடுபட்ட மதிப்பை எக்ஸ்ஜிபூஸ்ட் தானே பார்த்துக்கொள்ளும் என்று மேலே ஒருவர் சொன்னாரே, இங்கே அதுதான் ஆபத்து. காலியிடமே ஒரு குறிப்பாகிவிடும்.

எண்கணக்கன்

இது எனக்குப் புதுசு, நன்றி. ஆய்வக அடையாளத்தையே இலக்காக வைத்து ஒரு சின்ன மாடல் ஓட்டிப் பாருங்கள் செந்தாழை. வேதி எண்களை மட்டும் கொடுத்தே எந்த ஆய்வகம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டால் தரவைச் சீராக்கும் வேலை பாக்கி இருக்கலாம். ஒரு ஆய்வகம் ஒரே வட்டாரத்தை மட்டும் அளந்திருந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது, அதையும் கவனியுங்கள்.

அமிலக்குடுவை

அதனால்தான் தரப்பொருள் (தனிம அளவு முன்பே உறுதியான பொது மாதிரி) அளவீடுகளைத் தேடச் சொல்வேன். நல்ல கட்டுரைகளில் பின்னிணைப்பில் இருக்கும். ஒரே தரப்பொருளை இரண்டு ஆய்வகங்களும் அளந்திருந்தால் எது ஆய்வக வேறுபாடு, எது கடல் வேறுபாடு என்று சொல்ல முடியும்.

நெய்தல்

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் கடற்கரைக்காரன், வேதியியல் தெரியாது. அருமண் எங்கே இருக்கிறது என்று கணிக்கும் மாடல் என்றால் கடைசியில் அது சுரங்கம் தோண்டத்தானே? இந்தியாவும் 2021இல் ஆழ்கடல் இயக்கம் என்று 4,077 கோடி ஒதுக்கியிருக்கிறது, பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.) ஆட்களை 6,000 மீட்டருக்கு இறக்கக் கலம் கட்டுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று நீங்களே சொல்கிறீர்கள். தோண்டினால் அது எப்போது ஆறும்?

கப்பல்வாசி

நியாயமான கேள்வி தம்பி. நேராகச் சொல்கிறேன். ஆம், காசு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜப்பானின் மினாமிதோரிஷிமா தீவைச் சுற்றி ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டரில் 1.6 கோடி டன் அருமண் ஆக்சைடு இருக்கிறது என்று 2018இல் கணக்கு வந்ததிலிருந்து பல நாடுகளின் கவனமும் அங்கே போனது. இந்தியா மத்திய இந்தியப் பெருங்கடல் வடிநிலத்தில் உரிமை வாங்கி வைத்திருப்பது முதன்மையாக மங்கனீசு முடிச்சுகளுக்காக, ஆனால் அங்கும் தென்பகுதியில் இதே செங்களிமண்தான்.

ஆறுவது பற்றி: கிளறிய இடம் நம் கணக்கில் வரும் காலத்துக்குள் பழைய நிலைக்கு வராது. கிழக்குப் பசிபிக்கில் 1970களில் நடந்த சோதனைகளின் தடங்கள் இன்றும் தெரிகின்றன. மாடல் நல்லதா கெட்டதா என்பதைத் தாண்டி, எங்கே தொடக் கூடாது என்று சொல்லவும் இதே வேதியியல்தான் வேண்டும். இதைத் தெரிந்தவர்கள் சுரங்க நிறுவனங்களில் மட்டும் இருந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. உங்களைப் போன்றவர்கள் இந்த இழைக்கு வந்து கேட்பது எனக்குச் சந்தோஷம்.

பரவை

நெய்தலின் கேள்வியோடு சேர்ந்த ஒரு தொழில்நுட்ப விஷயம். ரேண்டம் ஃபாரஸ்ட்டும் மரம் சார்ந்த மற்ற மாடல்களும் பயிற்சியில் பார்த்த எல்லைக்கு வெளியே பெரிதாகப் போக மாட்டா. ரேண்டம் ஃபாரஸ்ட் இலையில் விழுந்த மாதிரிகளின் சராசரியைத்தான் சொல்லும். 2011 ஆய்வில் பசிபிக் சேற்றின் உச்சம் 2,230 பி.பி.எம். அந்தத் தரவை மட்டும் வைத்து அன்றைக்கு ஒருவர் ரேண்டம் ஃபாரஸ்ட் கட்டியிருந்தால், பின்னால் மினாமிதோரிஷிமாவில் 5,000 பி.பி.எம்.மைத் தாண்டிய அடுக்கு வந்தபோது, அதன் முழு வேதியியலையும் கையில் கொடுத்திருந்தாலும் 2,230க்கு மேல் சொல்லியிருக்காது. 'இங்கே ஒன்றுமில்லை', 'இங்கே பெரிதாக இருக்கிறது' என்று யாராவது வரைபடம் காட்டினால், அது பார்த்த உச்சம் என்ன என்று கேட்கணும்.

அந்த அடுக்கு எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். ஆஸ்மியம் ஐசோடோப்பை வைத்துச் சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுக்கு முந்தையது என்று கணித்தார்கள். உலகம் குளிர்ந்த காலம். ஆழ்நீரோட்டம் கடலடி மலைகளில் மோதிச் சத்து மேலே வந்து மீன் பெருகியது என்பது அவர்கள் விளக்கம். வழக்கமான மெதுவான படிவோடு அப்படைட் மழையும் சேர்ந்தது. இப்படி ஒரு நிகழ்வு தரவில் ஒரு முறைதான் வரும். ஒரு முறை வருவதைப் புள்ளியியலால் மட்டும் பிடிக்க முடியாது.

எண்கணக்கன்

அப்போது விலகல் மதிப்புகளை நீக்குவதும் தப்பாகிவிடுமா? நான் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பரவை

தானியங்கியாக நீக்கினால் தப்பு. டி.எஸ்.டி.பி. 576 என்ற வடபசிபிக் துளையில், டைனோசர்கள் அழிந்த எல்லை அடுக்கில், இரண்டரை மில்லிமீட்டர் விண்கல் துணுக்கு ஒன்றை ஃப்ராங்க் கைட் 1998இல் அறிவித்தார். ஹவாய்க்கு வடக்கே எடுத்த ஜி.பி.சி.-3 என்ற சுமார் 24 மீட்டர் கோரில் அதே எல்லை, விண்கற்களில் மிகுந்திருக்கும் இரிடியத்தின் உச்சமாக நிற்கிறது. மூன்று திட்டவிலக்கத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் குப்பை என்று ஒரு வரி எழுதினால் முதலில் போவது அதுதான். ஒவ்வொரு விலகலையும் திறந்து பாருங்கள்: ஆய்வகப் பிழையா, நுண்முடிச்சு ஒன்று மாதிரிக்குள் மாட்டியதா, நிஜ நிகழ்வா?

செந்தாழை

இவ்வளவையும் குறித்துக்கொண்டேன். ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. விடையைக் கொடுக்காமல் தரவிலேயே அமைப்பைத் தேடும் கற்றல் முறைகள் — பி.சி.ஏ. (முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு), ஐ.சி.ஏ. (சுயேச்சைக் கூறுப் பகுப்பாய்வு) — இவற்றில் தொடங்குவது நல்லதா? ஜப்பானியக் கட்டுரைகளில் ஐ.சி.ஏ. அடிக்கடி வருகிறதே.

பரவை

அதிலேயே தொடங்குங்கள் என்பேன். இந்த மண்ணில் எந்திரக் கற்றல் நேற்று வந்ததில்லை. 1980களிலேயே கியூ-வகைக் காரணிப் பகுப்பாய்வை வைத்துச் சேற்றை மூலங்களாகப் பிரித்தார்கள். பி.சி.ஏ.வின் அச்சுகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருக்கும், ஆனால் தொடர்பின்மையும் சுயேச்சையும் ஒன்றல்ல. ஐ.சி.ஏ. உண்மையான சுயேச்சையைத் தேடும். தரவு மணிவளைவு வடிவத்தில் இல்லாதபோது அது வேலை செய்யும், புவிவேதியியல் தரவு பெரும்பாலும் அப்படித்தான். ஜப்பானின் யசுகாவா குழு 2016இல் பசிபிக், இந்தியப் பெருங்கடல் தரவில் இதைச் செய்து, அருமண் செறிவோடு தொடர்புள்ள கூறுகளை இடத்திலும் காலத்திலும் பின்தொடர்ந்தது.

இன்னொரு வழி 2015இல் ஆன் டன்லி குழு தென்பசிபிக் சுழலில் செய்தது. காரணிப் பகுப்பாய்வில் எத்தனை மூலம் என்று தோராயம் பார்த்து, பிறகு தூசி, எரிமலைச் சாம்பல், இரும்பு-மங்கனீசு, அப்படைட், மிகை சிலிக்கா என்று நிஜப் பொருள்களின் வேதியியலைக் கொடுத்து, எந்த விகிதத்தில் கலந்தால் இந்த மாதிரி கிடைக்கும் என்று குறைந்த வர்க்க முறையில் தீர்த்தார்கள். எந்தப் பங்கும் எதிர்மறையாக வராது. எனக்கு இதுதான் மிகப் பிடித்த வழி. விடை 'அச்சு 2' என்று வராமல் 'இத்தனை பங்கு தூசி, இத்தனை பங்கு சாம்பல்' என்று வருவதால் தவறு என்றால் கண்ணில் படும்.

படிவு வேகத்துக்கும் அவர்கள் கோபால்ட்டைத்தான் பிடித்தார்கள். கடல்நீரிலிருந்து கோபால்ட் ஒரே சீராகப் படிகிறது என்று வைத்துக்கொண்டால், கோபால்ட் குறைந்த அடுக்கு வேகமாகப் படிந்தது, கூடிய அடுக்கு மெதுவாகப் படிந்தது. நுண்ணுயிர் ஓடுகள் இல்லாததால் வயது சொல்ல வேறு வழி குறைவு. நீங்கள் உள்ளீட்டில் கோபால்ட்டை வைத்திருப்பதால், மாடல் அதை முக்கியம் என்று காட்டினால் அது கோபால்ட்டின் வேதியியலாக இருக்காது, படிவு வேகமாக இருக்கலாம்.

கப்பல்வாசி

மீன் பல் எண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு மாதிரியிலும் நுண்ணோக்கியில் உட்கார்ந்து எண்ணுவது முதுகை ஒடிக்கும் வேலை. படத்திலிருந்து பற்களைத் தானே கண்டுபிடிக்கும் ஆழ்கற்றல் மாடல்களை ஜப்பானியர்கள் 2022 முதல் வெளியிட்டிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையையும் வேதியியல் அட்டவணையையும் ஒரே கோரில் சேர்த்து வைத்தால், மீன் கூடியதா, காலம் நீண்டதா என்று நேராகவே பிரிக்கலாம். எந்திரக் கற்றல் இந்தத் துறைக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான் என்று நினைக்கிறேன், புது அளவீட்டைக் கொண்டுவருகிறது.

செந்தாழை

முதலில் கலவைத் தீர்வு, அது விளக்காமல் விட்ட மிச்சத்துக்கு மட்டும் ரேண்டம் ஃபாரஸ்ட், கோர் வாரியாகச் சோதனை. இப்படி வழிகாட்டியிடம் சொல்லப் போகிறேன். பேரியத் திருத்தம் செய்ததாகக் குறிப்பில்லாத தரவில் யூரோப்பிய நிரலை என்ன செய்யட்டும் அமிலக்குடுவை சார்?

அமிலக்குடுவை

யூரோப்பியத்தைப் பேரியத்துக்கு எதிராக ஆய்வக வாரியாக வரைந்து பாருங்கள். யூரோப்பியத்தை அப்படியே போடாமல், சமாரியத்தையும் கடோலினியத்தையும் வைத்து இருக்க வேண்டிய அளவால் வகுத்துப் போடுங்கள். பேரியம் கூடக் கூட ஒரு ஆய்வகத்தின் புள்ளிகள் மட்டும் நேர்கோட்டில் ஏறினால் அந்த ஆய்வகத்தின் யூரோப்பியத்தை விட்டுவிடுங்கள், மொத்த அருமண்ணில் அதன் பங்கு சிறியது, பெரிய நஷ்டமில்லை. ஏறாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.